எம்பிஆரா, ஜிபிடியா? தோட்ட ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு சிஸ்டம் ஏத்தணும், உள்ளே இருக்கிற படங்கள் போயிடக் கூடாது

மாலைவகுப்பு | சனி, இரவு 9:40

எல்லாருக்கும் வணக்கம். நான் மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம். எங்க தாமான் (குடியிருப்பு) கோயில் மண்டபத்துல பிள்ளைங்களுக்கு சாயங்காலம் டியூஷன் நடத்துறோம், காசு வாங்கறதில்ல. பழைய தோட்டத்து ஆபீஸை மூடினப்போ அங்க இருந்த டெஸ்க்டாப் ஒண்ணை எங்களுக்குக் கொடுத்தாங்க. ஐ5 நாலாம் தலைமுறை, 8 ஜிபி ராம், 1 டிபி ஹார்ட் டிஸ்க். ரெண்டு வருஷமா ஸ்டோர்ல பிளக் இல்லாம கிடந்தது. போட்டதும் எழுந்துக்கிச்சு. தேதி மட்டும் 2013னு காட்டுச்சு, சரி பண்ணிட்டேன், அதுக்கப்புறம் ஒழுங்கா ஓடுது. உள்ளே விண்டோஸ் 10 இருக்கு. பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாது.

மாமா மகன் பென்டிரைவ் செஞ்சு கொடுத்தான், புதுசா ஏத்திக்கலாம்னு. எங்கே ஏத்தணும்னு கேட்கிற இடத்துல நாலு வரி வருது: 500 எம்பி, 300 ஜிபி, 619 ஜிபி, 12 ஜிபி. எதைத் தொட்டாலும் கீழே ஒரே எச்சரிக்கைதான். இந்த டிஸ்க்குல எம்பிஆர் பட்டியல் இருக்கு, இஎஃப்ஐ கணினியில ஜிபிடி டிஸ்க்குல மட்டும்தான் விண்டோஸை ஏத்த முடியும்னு சொல்லுது. அந்தத் தம்பியைக் கேட்டா, "நாலையும் டெலிட் அடிச்சிடுக்கா, போயிடும்"ங்கிறான்.

எனக்குக் கை வரலை. கோயில் செயலாளரா இருந்தவர் அந்த ஆபீஸ்லதான் வேலை பார்த்தார். தீமிதிப் படம், தொழிலாளிங்க குடியிருந்த லயத்துப் படம், குடும்பப் பேர்ப்பட்டியல் எல்லாம் அந்த கம்ப்யூட்டர்லதான் வெச்சிருந்தார்னு பொருளாளர் ஐயா சொல்றார். அவர் இறந்துட்டார். லயத்தையும் இடிச்சாச்சு, இப்ப அங்க செம்பனைதான். வேற பிரதி எங்கேயும் இல்ல.

எதை அமுக்கணும்? எதை அமுக்கக் கூடாது?

இரவுஷிப்ட் | சனி, இரவு 9:52

பயாஸ்ல (மிஷின் கிளம்பும்போது வர்ற செட்டிங்) போய் லெகசினு மாத்திட்டு அதே பென்டிரைவைப் போடுங்க அக்கா. எம்பிஆர்லயே ஏறிடும்.

கிராணிவீட்டுப்பிள்ளை | சனி, இரவு 10:31

அக்கா, டெலிட் அடிக்காதீங்க. இன்னிக்கு ராத்திரி எதையுமே அமுக்க வேணாம், மிஷினை ஆஃப் பண்ணிட்டுப் படுங்க. நிதானமா சொல்றேன்.

அந்த எச்சரிக்கை வந்ததால டிஸ்க்கு கெட்டுப்போச்சுனு அர்த்தம் இல்ல. பென்டிரைவ் எந்த வழியில கிளம்புச்சுங்கிறதுதான் விஷயம். உங்க மிஷின் மாதிரி 2013, 14 வாக்குல வந்ததுல கம்ப்யூட்டரைக் கிளப்புற ரெண்டு வழியும் இருக்கும். ஒண்ணு பழைய பயாஸ் முறை, அதைத்தான் லெகசிங்கிறாங்க. இன்னொண்ணு புது முறை, யூஇஎஃப்ஐ. எச்சரிக்கையில இஎஃப்ஐனு வர்றது அதுதான். யூஇஎஃப்ஐ வழியா வந்த விண்டோஸ் ஜிபிடி டிஸ்க்கு கேட்கும். லெகசி வழியா வந்தது எம்பிஆர் கேட்கும். மாறிப்போனா ரெண்டுமே உள்ளே விடாது. உங்க தம்பி பென்டிரைவ் செய்யும்போது ரூஃபஸ்ங்கிற மென்பொருள்ல ஜிபிடினு வெச்சிருப்பான். அப்படிச் செஞ்சது யூஇஎஃப்ஐ வழியில மட்டும்தான் கிளம்பும். அதனால இரவுஷிப்ட் அண்ணே சொன்ன மாதிரி லெகசிக்கு மாத்தினா அந்தப் பென்டிரைவ் எழுந்துக்கவே எழுந்துக்காது, வேற செய்யணும். செஞ்சாலும் அந்த 300 ஜிபி மேல ஏத்தும்போது ஃபார்மேட் பண்ணிட வாய்ப்பு இருக்கு. படம் அதுக்குள்ள இருந்தா என்ன ஆகும்?

எங்க தாத்தா ரப்பர் தோட்டத்துல கிராணியா, அதாவது கணக்கரா இருந்தவர். காலையில ஆள் கணக்கு எடுக்கிற பெரட்டுல ஒரு புஸ்தகத்தோட நிப்பார். எந்த நெரை (மரவரிசை) யாருக்குங்கிறது அதுலதான் இருக்கும். புஸ்தகம் காணாமப் போனாலும் பால்மரம் எல்லாம் நின்ன இடத்துலயேதான் நிக்கும், ஆனா யார் எங்கே வெட்டணும்னு ஒருத்தருக்கும் தெரியாது. டிஸ்க்கை எப்படிப் பாகம் பிரிச்சிருக்குங்கிற பட்டியல், அதாவது பார்ட்டிஷன் டேபிள்ங்கிறது அந்தப் புஸ்தகம்தான். எம்பிஆர், ஜிபிடி ரெண்டும் அதுல ரெண்டு வகை.

எம்பிஆர்ல அந்தப் புஸ்தகம் டிஸ்க்கோட முதல் செக்டர்ல, அதாவது முதல் சின்ன அறையில, 512 பைட்டுக்குள்ள அடங்கியாகணும். அதுல 446 பைட் கம்ப்யூட்டரைக் கிளப்புற கோடுக்குப் போயிடும். கடைசி 2 பைட் முத்திரை. நடுவுல மிச்சம் 64 பைட். ஒரு வரிக்கு 16 பைட்னா நாலே வரிதான். உங்க ஸ்கிரீன்ல நாலு வரி வந்துச்சே, புஸ்தகம் நிரம்பிடுச்சு. அஞ்சாவது வேணும்னா நாலுல ஒண்ணை எக்ஸ்டெண்டட்னு ஆக்கி அதுக்குள்ள பிரிக்கணும்.

ஜிபிடியில 128 வரி, வரிக்கு 128 பைட். அதைவிட முக்கியம், புஸ்தகம் ரெண்டு பிரதி. டிஸ்க்கோட தலைமாட்டுல ஒண்ணு, கால்மாட்டுல ஒண்ணு. ரெண்டுலயும் சிஆர்சினு ஒரு சரிபார்ப்பு எண் இருக்கும். முன்பிரதி கெட்டுப்போனா அந்த எண் ஒத்துவராது, உடனே பின்பிரதியைப் பார்த்துச் சரிபண்ணலாம். முதல் செக்டர்லயும் சும்மா ஒரு எம்பிஆர் வரியைப் போட்டு வெச்சிருக்கும், பழைய மென்பொருள் ஏதாவது வந்து "இது காலி டிஸ்க்கு"னு நினைச்சு எழுதிடாம இருக்க.

உங்க கேள்விக்கு என் பதில் இது: புது சிஸ்டம் ஜிபிடி. பழைய டிஸ்க்கு அதுல சேர வேணாம். சின்னதா ஒரு எஸ்எஸ்டி வாங்கிக்குங்க, 240 ஜிபி தாராளம். பழைய டிஸ்க்கை முதல்ல பிரதி எடுத்துட்டு, கழட்டி ஓரமா வையுங்க.

பழையடெக்னீசியன் | ஞாயிறு, காலை 7:05

தம்பி நன்றாக விளக்கியிருக்கிறார். ஒரு இடத்தில் மட்டும் நான் வேறுபடுகிறேன்.

ஜிபிடிதான் எப்போதும் சிறந்தது என்று பிள்ளைகளிடம் சொல்லிப் பழக்குகிறோம். எம்பிஆர் 1983இல் ஐபிஎம் பிசி எக்ஸ்டியோடும் டாஸ் 2.0வோடும் வந்தது. அந்த எக்ஸ்டியின் டிஸ்க் வெறும் 10 எம்பி. அன்று நாலு வரி போதும் என்று முடிவு செய்தவர்கள் தவறு செய்யவில்லை. நாற்பது வருடம் அது உழைத்திருக்கிறது. அதன் உண்மையான எல்லை 2 டிபி. செக்டர் எண்ணுக்கு 32 பிட்தான் இடம், ஒரு செக்டர் 512 பைட், இரண்டையும் பெருக்கினால் அங்கேதான் வந்து நிற்கும். 240 ஜிபி எஸ்எஸ்டிக்கு அந்த எல்லை எங்கே, நாம் எங்கே.

ஈப்போவில் 25 வருடம் கடை வைத்திருந்தேன். 2011, 2012 காலத்து மதர்போர்டு பலகைகளில் யூஇஎஃப்ஐ அரைகுறையாக இருக்கும். சிஸ்டம் ஏறிய இடத்தையே மறந்துவிடும். வாடிக்கையாளர் மூன்று நாளில் திரும்பத் தூக்கிக்கொண்டு வருவார். அதே டிஸ்க்கில் எம்பிஆர் போட்டுக் கொடுத்தால் பிறகு அவரை நான் பார்ப்பதே இல்லை. டியூஷன் பிள்ளைகளுக்கு வேண்டியது ஓடுகிற கம்ப்யூட்டர்.

கிராணிவீட்டுப்பிள்ளை | ஞாயிறு, காலை 8:20

ஐயா, உங்க அனுபவத்துக்கு முன்னாடி நான் சின்னப் பையன். ஆனா அந்த மறதிக்கு ஒரு மருந்து இருக்கு. யூஇஎஃப்ஐக்குத் தன் பட்டியல்ல எதுவும் கிடைக்கலைன்னா கிளப்புற ஃபைல் இருக்கிற இஎஃப்ஐ பாகத்துல பூட் ஃபோல்டருக்குள்ள பூட்எக்ஸ்64ங்கிற ஃபைலைத் தேடும். சிஸ்டத்தைக் கிளப்புற பூட்லோடரை அந்தப் பேர்லயும் ஒரு பிரதி போட்டு வெச்சா பெரும்பாலும் கிளம்பிடும். இஎஃப்ஐ பாகம்ங்கிறது சாதாரண ஃபேட்32தானே, பென்டிரைவ் மாதிரியே திறந்து பார்க்கலாம், ஃபைலைக் காப்பி பண்ணலாம். எம்பிஆர்ல முதல் செக்டர்ல இருக்கிற 446 பைட்டை எவனாவது மேல எழுதிட்டான்னா கண்ணால பார்த்துக் கண்டுபிடிக்க முடியுமா?

டீச்சர்கிட்ட இருக்கிறது நாலாம் தலைமுறை. அதுல யூஇஎஃப்ஐ ஓரளவு பக்குவமாயிடுச்சு.

பெங்குவின்வாசி | ஞாயிறு, காலை 10:12

ரெண்டு பேரும் டிஸ்க்கைப் பத்தியே பேசிட்டிருக்கீங்க. எந்த சிஸ்டம் ஏத்தப் போறாங்கன்னு யாரும் கேட்கலையே?

விண்டோஸ் 10க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சுது. விண்டோஸ் 11 யூஇஎஃப்ஐ, அதோட செக்யூர் பூட், டிபிஎம் 2.0ங்கிற பாதுகாப்பு அம்சம் எல்லாம் கேட்கும், இன்டெல்னா எட்டாம் தலைமுறையோ அதுக்கு மேலயோ இருக்கணும். இந்த மிஷின் நாலாம் தலைமுறை. குறுக்கு வழியில ஏத்துறவங்க இருக்காங்க, ஆனா பிள்ளைங்க உட்கார்ற மிஷின்ல நாளைக்கு அப்டேட் நின்னுபோனா டீச்சர்தான் கஷ்டப்படணும். என் ஓட்டு லினக்ஸ் மின்ட், விண்டோஸுக்குப் பதிலா ஏத்துற இலவச சிஸ்டம். பள்ளிக்கூடப் பாடத்துக்கான டெலிமா தளம் பிரௌசர்லயே திறக்கும், லிப்ரே ஆபீஸ் கூடவே வருது, தமிழ் தட்டச்சும் இருக்கு.

இன்னொரு லாபமும் இருக்கு. மின்ட் பென்டிரைவை டிஸ்க்குல ஏத்தாமலே ஓட்டிப் பார்க்கலாம். அதுல இருந்தபடியே பழைய விண்டோஸ் டிஸ்க்கைத் திறக்கலாம், பிட்லாக்கர் போட்டுப் பூட்டலைன்னா அந்தப் பாஸ்வேர்டு தேவையே இல்ல. அதனால டிஸ்க்கைத் துண்டாடுறதுக்கு முன்னாடி, முதல்ல உள்ளே என்ன இருக்குன்னு பாருங்க.

பழையடெக்னீசியன் | ஞாயிறு, காலை 10:40

நல்ல யோசனை. ஒன்றே ஒன்று தம்பி, துண்டாடல் என்ற சொல் வேண்டாமே. ஐம்பதுகளின் கடைசியில் பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்றுதான் அதற்குப் பெயர். எங்கள் அப்பா அதில்தான் வேலையும் வீடும் இழந்தார். நான் கைக்குழந்தை. நம் ஊர்க்காரர், அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதி கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதே தொழிலாளிகள் சேர்ந்து தோட்டத்தை வாங்கி அதைத் தடுப்பதற்காகத்தான். கேட்டால் இன்னும் எனக்கு உறுத்தும். பாகம் என்று சொல்லலாமே. கிராணி வீட்டுத் தம்பி இஎஃப்ஐ பாகம் என்று எழுதியது அழகாக இருந்தது.

பெங்குவின்வாசி | ஞாயிறு, காலை 10:46

மன்னிச்சுக்குங்க ஐயா. எனக்குத் தெரியாது. இனிமே பாகம்தான்.

மாலைவகுப்பு | ஞாயிறு, மதியம் 1:15

எல்லாருக்கும் நன்றி. புஸ்தகக் கணக்கு நல்லாப் புரிஞ்சுது. எங்க அம்மாவும் நெரை வெட்டினவங்கதான், அவங்ககிட்ட சொன்னேன், "நாலு வரிப் புஸ்தகத்துல எப்படி ஆள் கணக்கு எழுதுவாங்க"னு கேட்டாங்க.

ரெண்டு சந்தேகம். எம்பிஆரை அழிக்காமலே ஜிபிடியா மாத்த விண்டோஸ்லயே ஒரு கருவி இருக்காமே, தம்பி சொல்றான். அப்புறம், அந்த மின்ட் பென்டிரைவ் கிளம்பும்போது தானா ஏதாவது எழுதிடாதே?

கிராணிவீட்டுப்பிள்ளை | ஞாயிறு, மதியம் 1:50

கருவி இருக்கு. எம்பிஆர்2ஜிபிடினு பேர். விண்டோஸ் 10ஓட 1703 பதிப்புல, 2017ல வந்தது. கட்டளையைத் தமிழ் எழுத்துல எழுதுறேன், தட்டும்போது ஆங்கிலத்துல தட்டிக்குங்க: எம்பிஆர்2ஜிபிடி, ஸ்லாஷ் வேலிடேட், ஸ்லாஷ் டிஸ்க் 0. அது சும்மா சோதிச்சுப் பார்க்கும். வேலிடேட்டுக்குப் பதிலா கன்வெர்ட்னு போட்டாத்தான் மாத்தும். ஆனா உங்க டிஸ்க்குக்கு அது ஒத்துக்காது. பிரைமரி பாகம் மூணுக்கு மேல இருக்கக் கூடாது, எக்ஸ்டெண்டடும் இருக்கக் கூடாதுங்கிறது அதோட நிபந்தனை, புதுசா இஎஃப்ஐ பாகம் போட ஒரு வரி காலியா வேணும்ல. உங்களுது நாலும் நிரம்பினது. கடைசி 12 ஜிபியை அழிச்சு இடம் பண்ணலாம்னு யாராவது சொல்லுவாங்க. படம் வெளியே வர்றதுக்கு முன்னாடி அந்த டிஸ்க்குல ஒரு வரியைக்கூட அழிக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

ரெண்டாவது சந்தேகத்துக்கு, இன்ஸ்டால் ஐகானைத் தொடாத வரைக்கும் மின்ட் தானா டிஸ்க்குல சிஸ்டம் எதையும் ஏத்தாது.

இரவுஷிப்ட் | ஞாயிறு, மாலை 6:30

இப்பத்தான் வேலை முடிஞ்சு தூங்கி எழுந்தேன். நேத்து அவசரத்துல பதில் போட்டுட்டேன், படத்தைப் பத்தி எழுதியிருந்ததைச் சரியாப் படிக்கலை. மன்னிச்சுடுங்க அக்கா.

எனக்கு நடந்ததைச் சொல்றேன், இதுக்கு உதவும். போன வருஷம் என் மிஷின்ல புது எஸ்எஸ்டி போட்டேன், பழைய டிஸ்க்கும் கூடவே இருந்துச்சு. இன்ஸ்டால் ஸ்கிரீன்ல ஷிஃப்ட்டும் எஃப்10னும் அமுக்கி, டிஸ்க்கைப் பிரிக்கிற டிஸ்க்பார்ட் கருவியைத் திறந்தேன். செலக்ட் டிஸ்க் 0, கிளீன், கன்வெர்ட் ஜிபிடி. எங்கேயோ பார்த்ததை அப்படியே தட்டினேன். என் மிஷின்ல 0ங்கிறது பழைய டிஸ்க்கு. மகளோட பிறந்தநாள் படம் எல்லாம் அதுலதான். கிளீன்னு தட்டினதும் ஒரு விநாடியில முடிஞ்சுடுச்சு. "உறுதியா?"னு ஒரு வார்த்தை கேட்கலை. வேர்த்துக் கொட்டிடுச்சு எனக்கு.

அப்புறம் கூட வேலை செய்ற நண்பர் ஒருத்தர் அழிஞ்ச பாகத்தைத் தேடுற டெஸ்ட்டிஸ்க்னு ஒரு மென்பொருள் போட்டுக் கொடுத்தார். ராத்திரி பூரா டிஸ்க்கைத் தேடுச்சு. காலையில பழைய பாகம் ரெண்டும் பட்டியல்ல வந்துச்சு. ஃபைல் எல்லாம் பேரோட அப்படியே இருந்துச்சு. வெறும் கிளீன் பட்டியலை மட்டும்தான் அழிக்குமாம். கிளீன் ஆல்னு தட்டியிருந்தா டிஸ்க்கு பூரா பூஜ்யம் எழுதியிருக்கும், ஒண்ணும் மிஞ்சியிருக்காது. கிராணி தம்பி சொன்னாரே, புஸ்தகம் போனாலும் மரம் நிக்கும்னு. அன்னிக்கு எனக்கு நடந்தது அதேதான்.

அக்கா, லிஸ்ட் டிஸ்க்னு போட்டா வர்ற சைஸைப் பாருங்க. எண்ணை நம்பாதீங்க. அந்தப் பட்டியலோட கடைசிப் பத்தியில ஜிபிடினு ஒரு தலைப்பு இருக்கும், அதுக்குக் கீழ நட்சத்திரம் இருந்தா ஜிபிடி, இல்லன்னா எம்பிஆர்.

பழையடெக்னீசியன் | ஞாயிறு, இரவு 8:02

இதற்கு மேல் ஒரு வழி உண்டு. மூடியைத் திறந்து பழைய டிஸ்க்கின் சாட்டா கேபிளையும் பவர் கேபிளையும் உருவி விடுங்கள், அதன் பிறகு ஏற்றுங்கள். ஒரே டிஸ்க் இருந்தால் தப்பான டிஸ்க்கைத் தொட வழியே இல்லை. விண்டோஸ் ஏற்றுகிறவர்களுக்கு இது இன்னும் அவசியம். இரண்டு டிஸ்க் மாட்டியிருந்தால் விண்டோஸை எஸ்எஸ்டியில் போட்டுவிட்டு, பூட்லோடரைப் பழைய டிஸ்க்கில் இருக்கிற பூட் பாகத்தில் கொண்டுபோய் வைத்துவிடக்கூடும். பிறகொரு நாள் பழைய டிஸ்க்கைக் கழற்றினால் கம்ப்யூட்டர் கிளம்பாது. கடையில் இதை எத்தனை தடவை பார்த்திருக்கிறேன் என்று கணக்கில்லை.

எம்பிஆருக்காக வாதாடினேன். இந்த மிஷினுக்கு ஜிபிடி போடுங்கள் அம்மா, தம்பி சொல்வது சரி. யூஇஎஃப்ஐ பக்குவமான மிஷினில் அதைத் தவிர்க்க எனக்குக் காரணம் இல்லை. 2009, 2010 மிஷின் வந்தால் அப்போது என்னைக் கூப்பிடுங்கள்.

செம்பனைச்சாலை | திங்கள், காலை 6:48

ரொம்ப நாளா வாசிக்கிறேன், முதல் பதிவு. 2 டிபி பேச்சு வந்ததால சொல்றேன். கல்யாண வீடியோ எடுக்கிற வேலை என்னோடது. 3 டிபி டிஸ்க்கு வாங்கினேன், புது டிஸ்க்கைப் போட்டதும் விண்டோஸ் கேட்டுச்சு, எம்பிஆரா ஜிபிடியானு. முதல்ல இருந்ததையே ஓகே பண்ணிட்டேன். 2048 ஜிபிதான் காட்டுச்சு, மிச்சம் 746 ஜிபி கறுப்பு நிறத்துல தனியா நின்னுச்சு. வலது பக்கம் கிளிக் பண்ணினா ஒண்ணுமே செய்ய விடலை. டிஸ்க்கு போலினு நினைச்சு ரெண்டு வாரம் அதைத் தொடவே இல்ல. இப்பத்தான் காரணம் விளங்குச்சு. காலி டிஸ்க்குதான், ஜிபிடியா மாத்திக்கலாம்ல?

கிராணிவீட்டுப்பிள்ளை | திங்கள், காலை 7:30

காலியா இருந்தா தாராளமா. டிஸ்க் மேனேஜ்மென்ட்ல பாகத்தை அழிச்சுட்டு, டிஸ்க் பேர் மேல வலது கிளிக் பண்ணினா ஜிபிடி டிஸ்க்கா மாத்துங்கிற வரி வரும். படம் வைக்கிற டிஸ்க்குக்கு பூட் முறையைப் பத்திக் கவலை வேணாம். லெகசி பயாஸ்ல ஓடுற மிஷின்லயும் விண்டோஸ் 7ல இருந்து ஜிபிடி டேட்டா டிஸ்க்கை நல்லாப் படிக்கும். 32 பிட் எக்ஸ்பிக்குத்தான் தெரியாது.

மாலைவகுப்பு | புதன், இரவு 11:20

இன்னிக்கு மின்ட் பென்டிரைவைப் போட்டோம். எஃப்12 அமுக்கினா பென்டிரைவ் பேர் ரெண்டு தடவை வருது, ஒண்ணுக்கு முன்னாடி யூஇஎஃப்ஐனு இருந்துச்சு, அதையே எடுத்தேன். பழைய டிஸ்க்கு படிக்க மட்டும்னு திறந்துச்சு. பெங்குவின் தம்பிக்கு போன்ல கேட்டேன், விண்டோஸைச் சரியா மூடாம வெச்சதால அப்படி, நமக்கு அதுவே நல்லதுன்னார்.

கிடைச்சது. 619 ஜிபி பாகத்துல "கோயில்"னு ஒரு ஃபோல்டர். உள்ளே வருஷா வருஷம் தீமிதி, 2004ல இருந்து. அதுக்கும் முந்தின படத்தை எல்லாம் ஸ்கேன் பண்ணி "பழசு"னு தனியா வெச்சிருக்கார். ஆயாக் கொட்டகை வாசல்ல தொட்டில் தொங்குது, ஆயா நிக்கிறாங்க. தண்ணிக் குழாய்கிட்ட வரிசையா வாளி. பெரட்டுக் களத்துல அதிகாலை விளக்கோட ஆளுங்க. லயத்துக் கதவு எண்ணோட ஒவ்வொரு வீட்டுக்கும் பேர்ப்பட்டியல் எழுதியிருக்கார், எத்தனை பேர், எங்கே குடி போனாங்கன்னு. மொத்தம் 41 ஜிபி. அம்மாவை நாற்காலி போட்டு உட்கார வெச்சுக் காட்டினேன். பதினோரு மணி வரைக்கும் எழுந்துக்கலை, ஒவ்வொரு முகத்துக்கும் பேர் சொல்லிக்கிட்டே இருந்தாங்க, நான் எழுதிக்கிட்டேன்.

வெளி டிஸ்க்குல ஒரு பிரதி, பொருளாளர் ஐயா மகளோட லேப்டாப்புல ஒரு பிரதி. பழைய டிஸ்க்கு நாளைக்குக் கழட்டி அவர் வீட்டு அலமாரிக்குப் போகுது.

பழையடெக்னீசியன் | வியாழன், காலை 6:10

படித்ததும் கண் கலங்கிவிட்டது அம்மா. பிரதி எடுத்தவற்றில் நாலைந்து ஃபைல்களைத் திறந்து பார்த்துவிட்டீர்கள்தானே? பெயர் மட்டும் வந்து உள்ளே காலியாக இருப்பதையும் பார்த்திருக்கிறேன்.

மாலைவகுப்பு | வியாழன், மதியம் 2:05

அம்மா எல்லாத்தையும் பிரதியில இருந்துதான் பார்த்தாங்க ஐயா.

பெங்குவின்வாசி | வெள்ளி, இரவு 9:15

எஸ்எஸ்டி வந்துடுச்சுனு டீச்சர் சொன்னதால அடுத்ததை எழுதுறேன். பழைய டிஸ்க்கு வெளியே. செட்டிங்ல லெகசிக்கு வழி விடுற சிஎஸ்எம் இருக்கும், அதை மூடிடுங்க, பூட் முறை யூஇஎஃப்ஐ மட்டும். பென்டிரைவ் ஏறினதும் டெர்மினல்ல போய் சிஸ் ஃபோல்டருக்குள்ள ஃபர்ம்வேர், அதுக்குள்ள இஎஃப்ஐனு ஃபோல்டர் இருக்கானு பாருங்க. இருந்தா சரியான வழியில வந்திருக்கீங்க. இல்லன்னா லெகசியில கிளம்பியிருக்கு, திரும்பப் போடுங்க. அப்புறம் "டிஸ்க்கை அழிச்சுட்டு மின்ட் ஏத்து"ங்கிறதை எடுத்தா போதும், ஜிபிடி, இஎஃப்ஐ பாகம் எல்லாம் தானே போட்டுக்கும். ஒரே டிஸ்க்கு மாட்டியிருக்கிறதால இப்ப அழிங்கிற சொல்லுக்குப் பயப்பட வேணாம்.

லெகசியிலயும் லினக்ஸை ஜிபிடி டிஸ்க்குல வைக்கலாம், 1 எம்பியில பயாஸ் பூட்னு ஒரு பாகம் கூடப் போடணும். உங்களுக்கு அது தேவைப்படாது.

மாலைவகுப்பு | சனி, மாலை 5:50

ஏறிடுச்சு. அரை மணி நேரம்கூட ஆகலை. பிள்ளைங்க உட்கார்ந்து தமிழ்ல தட்டிக்கிட்டு இருக்காங்க.

மாலைவகுப்பு | மூன்று வாரம் கழித்து, திங்கள், மாலை 4:30

திரும்ப வந்துட்டேன். நேத்து ராத்திரி இடியும் மின்னலும். பயந்து மண்டபத்துல இருந்த பிளக் எல்லாத்தையும் பிடுங்கி வெச்சேன். இன்னிக்குப் போட்டா கறுப்பு ஸ்கிரீன், கிளப்புறதுக்கு டிஸ்க்கே இல்லைனு சொல்லுது. எஸ்எஸ்டி போயிடுச்சா? பிள்ளைங்க பாடம் எல்லாம் உள்ளே இருக்கு.

இரவுஷிப்ட் | திங்கள், மாலை 4:41

அக்கா எதையும் திரும்ப ஏத்தாதீங்க, கொஞ்சம் பொறுங்க. செட்டிங்குள்ள போனா டிஸ்க்கு பேர் தெரியுதா?

மாலைவகுப்பு | திங்கள், மாலை 4:49

தெரியுது. 240 ஜிபினு காட்டுது. தேதி மட்டும் திரும்ப 2013.

பழையடெக்னீசியன் | திங்கள், மாலை 4:55

பேட்டரி. பலகையில் நாணயம் போல ஒன்று இருக்கும், சிஆர்2032, 3 வோல்ட். அது செத்துவிட்டது. பிளக் மாட்டியிருக்கும்வரை சுவர் மின்சாரத்தில் செட்டிங்கைப் பிடித்துவைத்திருந்தது. பிடுங்கியதும் எல்லாம் ஆதிநிலைக்குப் போய்விட்டது, பூட் முறையும் லெகசிக்கு. லெகசி முறையில் உங்கள் ஜிபிடி டிஸ்க்கைக் கிளப்ப அதற்குத் தெரியவில்லை. எஸ்எஸ்டிக்கு ஒன்றும் இல்லை. முதல் பதிவிலேயே தேதி 2013 என்று எழுதியிருந்தீர்கள். நான் படித்தும் சொல்லாமல் விட்டேன், அது என் தவறு.

இப்போதைக்கு செட்டிங்கில் யூஇஎஃப்ஐக்கு மாற்றி, சேமித்து வெளியே வாருங்கள்.

மாலைவகுப்பு | திங்கள், மாலை 5:04

வந்துடுச்சு ஐயா. எல்லாம் இருக்கு.

மாலைவகுப்பு | புதன், காலை 8:15

டவுன்ல வாட்ச் கடையில பேட்டரி வாங்கினேன், சில வெள்ளிதான். பழசு எப்படி இருந்துச்சோ அதே மாதிரி, எழுத்துப் பக்கம் மேல வெச்சுப் போட்டாச்சு. செட்டிங்கைத் திரும்ப வெச்சுட்டு, வேணும்னே ராத்திரி பூரா பிளக்கைப் பிடுங்கி வெச்சேன். காலையில நேரா மின்ட் வந்துச்சு, தேதியும் சரி.

ரெண்டாவது மிஷின் ஒண்ணு தர்றேங்கிறாங்க, 2009 மாடல், 500 ஜிபி டிஸ்க்கு. உள்ளே எதுவும் இல்ல, கேட்டுட்டேன். அதுக்கு எம்பிஆர்தானே ஐயா?

பழையடெக்னீசியன் | புதன், காலை 8:40

ஆமாம் அம்மா, அதற்கு எம்பிஆர். மூடியைத் திறக்கும்போதே பேட்டரியையும் மாற்றி விடுங்கள்.